வக்கீல் படிப்புக்கு எத்தனை நாற்காலி

மார்ச் 1, வெள்ளி

இந்த டைரி பொங்கலுக்கு மில்லில் கொடுத்தது. முன்னால் நாலைந்து பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஷிப்டு நேரம் எழுதி வைத்திருக்கிறார். பிப்ரவரி பத்தாம் தேதியோடு எழுத்து நிற்கிறது. பன்னிரண்டாம் தேதி பஞ்சு சீவுகிற கார்டிங் மெஷினில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பக்கங்களைத் தாண்டி எழுத ஆரம்பிக்கிறேன்.

எழுதச் சொன்னது என் மகள் நாகஜோதி. "சும்மா சுவத்தப் பாத்துட்டு இருக்கதுக்கு ரெண்டு வரி எழுதும்மா. நீதான் ஆறாப்பு வரைக்கும் போயிருக்கேல்ல" என்றாள். ஆறாப்புக்குப் பத்து நாள் போனேன். அதையும் சேர்த்துத்தான் ஊரில் சொல்லிக்கொள்வது.

இரண்டு படி அரிசி நனையப் போட்டேன். மாவு வாங்கும் வீடுகளில் யாரும் வந்து கேட்கவில்லை, சங்கடப்படுகிறார்கள். நானே நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

மார்ச் 3, ஞாயிறு

கொழுந்தனார் பெரியமாரி வந்தார். உட்காருவதற்குள் கேட்டார்.

"என்ன மதினி, பிள்ளை எப்ப வேலைக்குச் சேருது?"

பதினாறாம் நாள் காரியத்தன்று மில்லிலிருந்து ரெஜினா என்று ஒரு பெண் வந்தது. மில்லுக்குச் சட்ட அதிகாரியாம். முப்பது வயதுகூட இருக்காது. காரியச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, உங்கள் மகள் வக்கீலுக்குப் படித்திருக்கிறாளாமே, அப்பா வேலைக்குப் பதிலாக எங்கள் சட்டப் பிரிவிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்றது. நான் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டேன். ஜோதி அப்போது இலை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நடந்தது அவ்வளவுதான்.

ஜோதி கொழுந்தனாரிடம், "சர்டிபிகேட் ஒண்ணு வரணும் சித்தப்பா" என்றாள்.

"எந்த சர்டிபிகேட்டு? போன வருசமே பாஸாயிட்டன்னு லட்டு குடுத்த?"

"அது வேற, இது வேற."

அவர் போனபிறகு அவளுடன் படித்தவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். ஒருத்தி பேங்கில் சட்ட ஆபீசர். ஒருத்தன் ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறான். ஒருத்தி ஜட்ஜ் பரீட்சைக்கு மதுரையில் ரூம் எடுத்துப் படிக்கிறாள். ஒருத்தன் அரசாங்க வக்கீல் வேலைக்கு எழுதியிருக்கிறான். ஒருத்தி கல்லூரியிலேயே பாடம் நடத்தப் போய்விட்டாள். இன்னொருத்தன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறான், கோர்ட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்கு மறந்திருக்குமாம்.

அரிவாள்மணையில் என் கை அப்படியே நின்றுவிட்டது. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கத்துகிறவர்கள் மட்டும்தான் வக்கீல் என்று நினைத்திருந்தேன். ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு இத்தனை நாற்காலியா!

மார்ச் 6, புதன்

ரேஷனில் பருப்பு இல்லை. நாளைக்கு வரச் சொன்னார்கள்.

துணிப் பெட்டியில் மடிப்பெல்லாம் கலைந்திருக்கிறது. எலியாகத்தான் இருக்கும்.

சாப்பிடும்போது ஜோதி திடீரென்று, "அப்பா வேலைக்குப் போம்போது துண்டை எங்க வப்பாரும்மா?" என்று கேட்டாள். தூக்குச் சட்டிக்கு மேலே முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைப்பார், கேட்டுக்கு உள்ளே துண்டு போடக்கூடாது என்பது மில் சட்டம், இருபத்திரண்டு வருசத்தில் ஒருநாள் தவறியதில்லை என்றேன். "அன்னைக்கும் அப்படித்தான் வந்துச்சா?" என்றாள். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. அவிழ்க்காத முடிச்சோடு வந்தது.

பாவம், அப்பா ஞாபகம் வந்துவிட்டது போல.

மார்ச் 8, வெள்ளி

இன்று மில்லுக்குப் போனேன். அவருடைய பூட்டும் செருப்பும் ஆபீசில் இருப்பதாக ஆள் சொல்லிவிட்டிருந்தார்கள்.

சட்டப் பிரிவு மாடியில் இருக்கிறது. அந்த அறையைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதில் சிவப்பு முதுகுப் புத்தகங்கள், ஒரே உயரம். ஒரு மேஜை காலியாக இருந்தது. சுற்றுகிற நாற்காலி. நேர் மேலே காற்றாடி. கீழே இத்தனை மெஷின் ஓடுகிற சத்தம் அங்கே வரவே இல்லை. அவர் இருபத்திரண்டு வருசம் பஞ்சுத் தூசியில் நின்ற இடத்துக்கு நேர் மேலே இப்படி ஒரு அறை இருந்திருக்கிறது, அவரும் பார்த்திருக்க மாட்டார்.

"இதுதாம்மா உங்க மக சீட்டு" என்றது ரெஜினா. டீ வரவழைத்தது. "அவ எனக்கு அஞ்சு வருச ஜூனியர். ஒரே காலேஜ்."

நல்ல பெண். ஆனால் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, டீக் கிளாசையே பார்த்துப் பேசியது. தன் டீயைத் தொடாமலே வைத்துவிட்டு, அவருடைய செருப்பைப் பையில் போட்டுக் கொடுத்தது. சாப்பிடாமல் வேலை பார்க்கும் போல.

அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 11, திங்கள்

நான் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். பதினாறாம் நாள் கையெழுத்துப் போட்டது ஒரு தாளில் இல்லை. மூன்று தாள். எனக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். துணிப் பெட்டியில் அடியில் வைத்தேன். இன்று ஜோதி லைப்ரரிக்குப் போன நேரத்தில் எடுத்து உட்கார்ந்தேன். அச்சு எழுத்து எனக்குச் சிரமம் இல்லை, வார்த்தைகள்தான் நீளம். ஒன்றை முடிப்பதற்குள் ஆரம்பம் மறந்துபோகிறது. பென்சிலால் வெட்டி வெட்டிப் படித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் தாளில் அவர் பேர், அவர் அடிபட்ட தேதி, என் பேர், மகளுக்கு வேலை. மூன்றாவது தாளில் கையெழுத்து. இரண்டாவது தாளில் நடுவில் இப்படி இருக்கிறது: "மேற்படி தொழிலாளி தடை செய்யப்பட்ட துண்டைக் கழுத்தில் அணிந்தபடி இயந்திரத்தின் அருகே சென்று, தமது கவனக்குறைவால் விபத்துக்குள்ளானார் என்பதை மனைவியாகிய நான் ஒப்புக்கொள்கிறேன்."

மனைவியாகிய நான்.

மாவுக் கிரைண்டரைப் போட்டுவிட்டு அதன் சத்தத்தில் அழுதேன்.

ஜோதி வந்ததும் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நாற்காலிக்குப் போகமாட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

பருப்பு வந்துவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

பதிவுத் தபால் வந்தது. மதுரையில் தொழிலாளர் இணை ஆணையர் ஆபீசிலிருந்து. என் பேருக்கு. திருமதி சீனியம்மாள் அவர்களுக்கு என்று. என் பேருக்கு இதுவரைக்கும் வந்த தபால் எல்லாம் கல்யாணப் பத்திரிகைதான்.

ஜோதி படித்தாள். மில்லும் நானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அரசாங்கப் புத்தகத்தில் பதியக் கேட்டு மில் எழுதியிருக்கிறதாம். பதிவதற்கு முன்னால் என்னை நேரில் பார்த்துக் கேட்க வேண்டுமாம். இருபத்தாறாம் தேதி வரவேண்டும். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்.

"எதுக்கு என்னையக் கேக்கணும்? கையெழுத்துப் போட்டாச்சே?"

"அதாம்மா சட்டம். போட்டவங்களை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் பதியணும்."

எங்கேயோ மதுரையில் உட்கார்ந்து எவரோ எப்போதோ இப்படி யோசித்து வைத்திருக்கிறார். சீனியம்மாள் என்று ஒருத்தி பிறப்பதற்கு முன்னாலேயே, அவளைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டியிலிருந்து தாள்களை எடுக்கப் போனேன்.

"ரெண்டாவது பக்கம், ஏழாவது வரி" என்றாள் ஜோதி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

எலி இல்லை.

"தெரிஞ்சு ஏண்டி வாயைத் திறக்கல?"

"நான் சொன்னா அது என் கேஸ் ஆயிரும்மா. நீ சொன்னாத்தான் உன் கேஸ்."

"அப்ப வேலை?"

"அப்பா பேருக்கு மேல நாற்காலியப் போட்டு உக்காரச் சொல்றியா?"

உக்காரச் சொல்லத்தான் இருந்தேன். இங்கே எழுதுவதற்கென்ன.

மார்ச் 18, திங்கள்

கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் என்று போர்டு போட்ட அறைக்கு ஜோதி கூட்டிப்போனாள். கொழுந்தனாரும் வந்தார். ஷேக் தாவூத் என்று ஒரு வக்கீல், தலை முழுக்க நரை. மேஜை ஆடாமலிருக்க ஒரு காலுக்கு அடியில் பழைய டிபன் பாக்ஸ் மூடி வைத்திருந்தார். மில்லில் பார்த்த மேஜை என்ன, இது என்ன! இரண்டு பேரும் படித்தது ஒரே படிப்பாம்.

தாள்களை மெதுவாகப் படித்தார்.

"இந்த ஒரு வரிக்காகத்தாம்மா இவ்வளவும். மெஷின் பெல்ட்டுக்கு மூடி போட்டிருக்கணும். போடலைன்னா மில்லு மேல வழக்கு வரும். அவரே தப்புப் பண்ணாருன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா அவங்களுக்குச் சோலி முடிஞ்சது."

பிறகு, "கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டினாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அதை மட்டும் தெளிவாச் சொல்லுங்க. நீங்க படிக்காதவங்க. படிச்சுக் காட்டாம வாங்கின கையெழுத்து நிக்காது."

கொழுந்தனார் வெளியில் வந்து, "மதினி, அதையே பிடிச்சுக்கோங்க. படிக்கல, படிக்கல, படிக்கல. அவ்வளவுதான்" என்றார்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

மார்ச் 25, திங்கள்

நாளைக்கு மதுரை. மாவு அரைக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

எல்லாவற்றையும் விடாமல் எழுதவேண்டும்.

ஆறு மணி பஸ். கொழுந்தனார் வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். ஜோதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விசாரணை அறை சின்ன அறைதான். கோர்ட்டு மாதிரி கூண்டு இல்லை. ஒரு மேஜைக்குப் பின்னால் ஆணையர், ஐம்பது வயது அம்மா, கண்ணாடிக்குச் சங்கிலி போட்டிருந்தார். ஓரத்தில் டைப் அடிக்க ஒரு தம்பி. எதிரில் மில்லுக்காக ரெஜினா மட்டும். தாவூத் வக்கீல் எனக்குப் பக்கத்தில். எங்கள் முறை வரும்வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் என் காதில் சொன்னார்: "அந்த ஆணையர் அம்மாவும் லா படிச்சவங்கதான். டைப் அடிக்கிற தம்பி சாயங்காலம் லா காலேஜ் போறான். அந்தப் பொண்ணு, நானு, உங்க மக. இந்த ரூம்ல உங்க ரெண்டு பேரை விட்டா எல்லாம் அதுதான்." ரெண்டு பேர் என்றது என்னையும் கொழுந்தனாரையும். சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே பாடம் படித்துவிட்டு ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் எதிர்க்க, ஒருவர் காக்க, ஒருத்தி வாய் பேச உரிமை இல்லாமல் என் பின்னால். ஜோதி இன்னும் பார் கவுன்சிலில் பதியவில்லை, அதனால் அவள் பேசக்கூடாது.

"சீனியம்மாள் யாரு? வாங்கம்மா. நிக்கவேண்டாம், உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்கம்மா."

"இதுல எழுதியிருக்கதுல ஏதாவது உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"அவரு துண்டு போட்டுட்டு உள்ள போகலைங்கம்மா. அவரு துண்டு அன்னைக்கு முடிச்சு அவுக்காம சட்டியோட வீட்டுக்கு வந்துச்சு. அவரு மேல தப்புன்னு நான் சொல்லமாட்டேன்."

டைப் அடிக்கிற சத்தம் நான் பேசப் பேசக் கேட்டது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. என் பேச்சு போய் எழுத்தாகிறது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை, நான் சொல்வது ஒன்று விடாமல் ஓரிடத்தில் போய்ச் சேர்கிறது என்று.

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க? உங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டினாங்களா?"

கொழுந்தனார் செருமினார். இல்லை என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் ஆறு மணி பஸ். தாவூத் வக்கீலிடம் சொன்னதுபோலவே சொல்ல வாயைத் திறந்தேன். அந்த டைப் தம்பியின் விரல் தயாராக நின்றது. நான் சொல்லப்போவது அப்படியே இருக்கப்போகிறது, அவர் பேருக்குப் பக்கத்தில், நாங்கள் எல்லாரும் செத்த பிறகும்.

"படிக்க ஆரம்பிச்சாங்கம்மா" என்றேன். "இந்தப் பொண்ணு படிக்கத்தான் வந்துச்சு. நான்தான் வேண்டாம்னேன். அவரு அடிபட்ட தேதின்னு வந்ததும், என்னால கேக்க முடியல. நிறுத்து தாயி, எங்க போடணும்னு காட்டுன்னேன். பொண்ணு மேல தப்பு இல்ல. கேக்காம போட்டது நான்."

பின்னாலிருந்து கொழுந்தனார், "கெடுத்துட்டாங்க" என்றது நன்றாகவே கேட்டது. தாவூத் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆணையர் ரெஜினாவைப் பார்த்து, "கம்பெனி தரப்புல என்ன சொல்றீங்க?" என்றார்.

ரெஜினா எழுந்தது. அதற்கு நான் வழி போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆமாம், அவங்களே வேண்டாம்னாங்க என்றால் முடிந்தது. அந்தப் பெண் கையிலிருந்த பைலை மூடி மேஜை மேல் வைத்தது.

"அவங்க நிறுத்தச் சொன்னது உண்மைதான் மேடம். ஆனா நான் அப்ப முதல் பக்கத்துலதான் இருந்தேன். அந்த வரி ரெண்டாவது பக்கத்துல இருக்கு. அது என்ன வரின்னு எனக்குத் தெரியும், நான்தான் எழுதினேன். அவங்க நிறுத்தினது எனக்கு வசதியா இருந்துச்சு. அதனால நிறுத்திட்டேன்."

"இதைப் பதிவு பண்ணிக்கலாமா?"

"பண்ணிக்கோங்க மேடம்."

"யோசிச்சுச் சொல்றீங்களா?"

"ஒரு மாசமா யோசிச்சுட்டேன் மேடம்."

டைப் தம்பி அடிக்க ஆரம்பிக்க ஒரு நொடி ஆயிற்று. அவன்கூட அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆணையர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். எனக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லை. திருவிழாவில் தேர் நிலையை விட்டு அசையுமே, அந்த நேரம் மாதிரி இருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு சின்ன அறைக்குள்.

உத்தரவு தபாலில் வரும் என்றார்கள்.

வெளியே படிக்கட்டில் ரெஜினா உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மடமடவென்று குடித்தது.

"ஏன் தாயி அப்படிச் சொன்ன? உன் பிழைப்பு?"

"நீங்க பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சு அதுக்குப் பதில் தயார் பண்ணிட்டு வந்தேம்மா. உண்மைக்கு நான் ஒண்ணும் தயார் பண்ணல" என்று சிரித்தது. இன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசியது.

ஜோதி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மார்ச் 29, வெள்ளி

மில்லிலிருந்து கடிதம். ஜோதிக்கு இப்போது வேலை தர இடம் இல்லையாம். ரெஜினா வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டதாக ஜோதி சொன்னாள். ஊருக்குப் போய் ஒரு வாரம் தூங்கப் போகிறதாம்.

"கெடச்ச வேலையையும் கையால தள்ளிட்டீங்க மதினி" என்றார் கொழுந்தனார். ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இரண்டு தோசை கூடவே சாப்பிட்டார்.

ஜோதி பார் கவுன்சிலுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். தாவூத் வக்கீலிடம் ஜூனியராகப் போகிறாளாம், ஒரு வருசம். அப்புறம்?

"அப்புறம் பரீட்சை எழுதணும்மா. அந்த ஆணையர் அம்மா மாதிரி."

"ஜட்ஜா?"

"ஜட்ஜும் எழுதலாம், அதுவும் எழுதலாம். எந்த மேசை கெடைக்குதோ."

"எந்த மேசைனாலும் சரி. ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கினா முழுசாப் படிச்சுக் காட்டிட்டு வாங்கு."

"அவங்க உன்னைய மாதிரி வேண்டாம்னா?"

சட்னிக்குத் தாளிக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஒப்பந்தத்தைப் பதிய முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரி செல்லாது. மெஷின் பற்றி ஆட்களை அனுப்பி விசாரித்திருக்கிறார்கள், மூடி இல்லை என்று எழுதியிருக்கிறது. இனி மில் மேல் வழக்கு நடக்கும்.

ஜோதி வாசலிலேயே நின்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தாளை மடித்தாள்.

"முழுசும் படி" என்றேன்.

"நாம கேட்டது கெடச்சிருச்சும்மா. நடுவுல எல்லாம் அப்பாவுக்கு எப்படி ஆச்சுன்னு வரும். கூட வேலை பாத்தவங்க சொன்னது."

"படி."

உட்கார்ந்து படித்தாள். எத்தனை மணி, எந்த மெஷின், அவர் எந்தப் பக்கம் நின்றார், எந்தக் கையை நீட்டினார், என்ன சொன்னார். அவர் என்னவோ சொல்லியிருக்கிறார், அது எனக்கு இத்தனை நாள் தெரியாது. மெஷினை நிறுத்து, பிள்ளைக வருதுக என்று சத்தம் போட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்களாம்.

ஜோதியின் குரல் நின்றது. "போதுமாம்மா?"

"நிறுத்தாத."

இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. கடைசி எழுத்துவரைக்கும் கேட்டேன்.